வாத்தியார் ஆசைப்படும்படி ஒரு பையன்

நாடகக் கம்பெனியின் நோட்டீஸை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அண்ணன்தான். திருநெல்வேலியில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற வேலை அவனுக்கு. மை காயாத சோதனைத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, ஆற்றுப்பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்கு நடந்து வந்திருந்தான். என் முன்னால் அதை விரித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். அண்ணன் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசினால் காய்ந்த பனையோலையைத் தரையில் இழுக்கிற சத்தம்தான் வரும்.

பங்குனியில் கொட்டகை போடப் போகிறார்கள் என்று நோட்டீஸ் சொன்னது. அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு செய்தி. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள், நல்ல சாரீரமும் முகவெட்டும் உள்ள பையன்கள் தேவை. தாய் தகப்பனாருடன் நேரில் வரவும். மேலே வாத்தியாரின் பெயர், பெரிய எழுத்தில். கம்பெனி முதலாளியும் அவர்தான், நாடகம் பழக்குகிறவரும் அவர்தான். அந்தப் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் பெட்டியிலிருந்து பொறுக்கி அடுக்கியது என் அண்ணன் கை. ஒரு பிழைகூட இல்லை.

அந்த மனிதர் எங்களுக்குச் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்குப் பத்து வயசாக இருக்கும்போது, கிறிஸ்துமஸ் பஜனையில் தெருத்தெருவாகக் கீர்த்தனை பாடிக்கொண்டு போனான். அன்றைக்கு ஊரில் முகாம் போட்டிருந்த வாத்தியார் அதைக் கேட்டார். மறுநாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசி அழைத்துப் போய்விட்டார். சபையில் முணுமுணுத்தார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு வருஷம் அண்ணன் ராணி வேஷம் கட்டினான். பதினாலு வயசில், தூத்துக்குடி முகாமில், அவன் குரல் உடையத் தொடங்கியது. நாடகக்காரர்கள் அதை மகரக்கட்டு என்பார்கள். எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் வருவதுதான். வாத்தியார் அதைச் சளி என்றார். பிறகு சோம்பல் என்றார். சாதகம் போதவில்லை என்று ஒரு மண்டலம் விடியற்காலையில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, ஐந்தரைக் கட்டை என்கிற உச்சச் சுருதியில் கத்த வைத்தார். மண்டலம் முடிவதற்குள் குரல் போய்விட்டது. உச்சம் மட்டுமல்ல, பேசுகிற குரலும் போய்விட்டது. பெண் வேஷத்துக்காக நாலு வருஷம் வளர்த்த தலைமுடியை வாத்தியாரே கத்தரித்து எடுத்துக்கொண்டார், அடுத்த பையனுக்கு டோப்பா கட்ட உதவும் என்று. மொட்டைத் தலையோடு அண்ணன் தனியாக ரயிலில் வந்து இறங்கினான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அவனை நான் அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அப்பாவும் அம்மாவும் பிற்பாடு ஒரே வருஷத்து வாந்திபேதியில் போனார்கள். நான் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் படித்து, பரீட்சை எழுதி, அங்கேயே கம்பவுண்டர் ஆனேன். மருந்து கலப்பது, நிறுப்பது, லேபிள் ஒட்டுவது, டாக்டரம்மா தொண்டை பார்க்கும்போது பக்கத்தில் விளக்குப் பிடிப்பது. குரல்வளையின் படத்தைப் புத்தகத்தில் முதலில் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. குரல் உடைகிற காலத்தில் பையன்களைப் பாட விடக்கூடாது என்று அதில் ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு வரி. அது தெரிந்த ஒருவர் தூத்துக்குடியில் இருந்திருந்தால் போதும்.

ஆகையால் நோட்டீஸைப் பார்த்த அன்றே எனக்குத் திட்டம் வந்துவிட்டது. மருந்து அலமாரியில் சிவப்பு லேபிள் ஒட்டிய விஷக் குப்பிகள் எட்டு உண்டு. சாவி என் இடுப்பில். அவற்றை நான் நினைக்கவே இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் எனக்கு வேண்டியது வேறு. அந்த மனிதர் ஒன்றுக்கு ஆசைப்பட வேண்டும். நாலு பேர் முன்னால் கை நீட்ட வேண்டும். நான் இல்லை என்று சொல்ல வேண்டும்.

ஆசைப்படுவதற்கு எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. அக்காவின் மகன், பத்து வயசு. அக்கா புருஷனை இழந்து எங்களோடு இருந்தாள். பெண்கள் போர்டிங்கில் சமையல் வேலை. பையனுக்கு மணி அடித்த மாதிரிக் குரல். கொட்டகை என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்குக் கால் தரையில் நிற்காது.

"சித்தி, என்னையும் எடுப்பாவளா?" என்று நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டான்.

"பழகினா எடுப்பாவ."

"நீங்க பழக்குவியளா?"

"பழக்குதேன்."

இந்த இடத்தில்தான் நான் பொய் சொன்னேன். வாயால் இல்லை. அவன் உண்மையாகவே போகப்போகிறான் என்று அவனும் நம்பினான், அக்காவும் நம்பினாள். மூன்று வேளைச் சோறும் ஒரு தொழிலும் கிடைக்கும், மாமாவுக்கு நேர்ந்தது இவனுக்கு நேராமல் நான் பார்த்துக்கொள்வேன் என்று அக்கா நினைத்தாள். அண்ணன் என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை.

நாற்பது நாள் இருந்தது. வாத்தியார் பையன்களை எப்படிச் சோதிப்பார் என்று அண்ணனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு ஆஸ்பத்திரி நோட்டில் பின்பக்கமிருந்து எழுதினேன். சுருதி. ழகரம், ளகரம். ஒரே தடவை சொன்ன வசனத்தைத் திரும்பச் சொல்வது. சேலை முந்தானையை மிதிக்காமல் பத்து அடி நடப்பது. அழுகை, சிரிப்பு, மறுபடி அழுகை. எழுதிக்கொண்டே வந்தவள் கடைசியில், "வேற ஏதும் உண்டா?" என்றேன்.

அண்ணன் கன்னத்தைத் தடவினான். "அடிப்பாரு."

"எதுக்கு?"

"வசனம் சொல்லிட்டிருக்கும்போதே நடுவுல பளார்னு ஒண்ணு குடுப்பாரு. சொல்லாமக் கொள்ளாம. நின்னுட்டா வீட்டுக்குப் போகச் சொல்லிருவாரு. நிக்காமச் சொல்லிட்டே போனாத்தான் எடுப்பாரு."

"நீ?"

"நான் நிக்கல." அவ்வளவு வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் நோட்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். சுருதிக்கு வேதக்கோயில் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவரிடம் கேட்டு ஐந்தரைக் கட்டை எது என்று தெரிந்துகொண்டேன். உச்சத்தில் கத்த விடவில்லை. பாடி முடித்ததும் தொண்டையைப் பார்ப்பேன். வெந்நீர், உப்பு, ஓய்வு. ஒரு ராணி காட்டில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிற கட்டம் ஒன்றை அண்ணன் எழுதிக் கொடுத்தான். "மரங்களே, நீங்கள் உயரமாக நிற்கிறீர்களே, என் மகன் போன வழி உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று தொடங்கும். பையன் மூன்று நாளில் அதை விழுங்கிவிட்டான். பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் ராணியாக நடந்தான். அக்கா குடத்தோடு எதிரே வந்தால், "விலகு பெண்ணே, வழி விடு!" என்பான்.

"ஏலே, குடத்த எறக்கிட்டு வந்தேன்னா ராணிக்கு முதுகு வீங்கிரும், பாத்துக்க" என்பாள் அக்கா.

பட்டியலில் எல்லாவற்றுக்கும் நேரே கோடு போட்டாகிவிட்டது. அடி ஒன்றுதான் மிச்சம். அதைத் தள்ளித் தள்ளி இருபத்தைந்தாம் நாள் வரை கொண்டுவந்தேன்.

அவனிடம் மறைக்கவில்லை. "வாத்தியார் நடுவுல அடிப்பாரு. வரிய விடக்கூடாது. இப்பம் நான் அடிப்பேன்" என்றேன். சரி என்று தலையாட்டினான். ராணி மரங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கன்னத்தில் ஒன்று வைத்தேன். மெதுவாகத்தான். நின்றுவிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. இரண்டாவது அடி மெதுவாக இல்லை. அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் வசனம் சொல்லும்போதே அவன் கண் என் கையைப் பார்த்தது. "கையப் பாக்காத, என் நெத்தியப் பாரு" என்றேன். நாலாம் நாள் அடி விழுந்ததும் குரல் மட்டும் நடுங்கியது, சொல் நிற்கவில்லை. ஆறாம் நாள் குரலும் நடுங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் ராணிக்குப் பொருத்தமாகவே இருந்தது. என் கை வலித்தது என்று எழுத முடியவில்லை. வலிக்கவில்லை. நோட்டில் கடைசிக் கோட்டையும் போட்டேன்.

அன்றைக்கு அக்கா, "கன்னத்துல என்னல செவப்பா?" என்று கேட்டாள்.

"கொசும்மா. அடிச்சேன், போயிட்டு" என்றான் பையன், என் பக்கம் திரும்பாமல். அந்தப் பொய்யை நான் பழக்கவில்லை.

பங்குனியில் கம்பெனி வந்தது. வண்டியில் தப்பு அடித்து நோட்டீஸ் வீசிக்கொண்டு போனார்கள். பையன் தேர்வு ஒரு புதன்கிழமை காலை, டவுனில் அவர்கள் பிடித்திருந்த வீட்டில். டாக்டரம்மாவிடம் அரை நாள் லீவு கேட்டு வாங்கினேன். அண்ணன் வரவில்லை, அச்சாபீசுக்குப் போய்விட்டான். அக்காவுக்குப் போர்டிங்கில் வேலை. நானும் பையனும் போனோம்.

கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. எட்டுப் பையன்கள், அவரவர் வீட்டார். வாத்தியாரை நான் ஒரே தடவை, சின்ன வயசில் பார்த்தது. இப்போது நரைத்துப்போய், வெள்ளிப் பொத்தான் வைத்த கோட்டும் வாய் நிறைய வெற்றிலையுமாக, சின்னவராகத் தெரிந்தார். அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பக்கத்தில் ஆர்மோனியக்காரர். அவர்கள் பேச்சிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டேன். ராணி வேஷக்காரப் பையன் போன வாரம் சொல்லாமல் ஊருக்கு ஓடிவிட்டான். சனிக்கிழமைக்கு நோட்டீஸ் போட்டாகிவிட்டது. ஆள் இல்லை. நான் வேண்டிக்கொண்டதற்கு மேல் இது.

எங்களுக்கு முன்னால் முக்கூடலிலிருந்து வந்த ஒரு வியாபாரி, மகனை உட்கார வைத்திருந்தார். பையன் நன்றாகத்தான் தொடங்கினான். நாலாம் வரியில் வாத்தியார் கை பறந்தது. "யப்பா!" என்று பையன் அப்பா மடியில் போய் விழுந்தான்.

"என்னவே, பிள்ளைய அடிக்கீரு?" என்று வியாபாரி எழுந்துவிட்டார்.

"கோவிக்காதீங்க அண்ணாச்சி. மேடையில திரை அறுந்து தலையில விழும். அப்பவும் ராணி 'யப்பா'ன்னு கூப்பிட்டா, ஜனங்க நாற்காலிய எடுத்து எறிவாங்க."

"அப்பம் ராஜாவ அடியும்வே. என் மகன் எதுக்கு அடி வாங்கணும்? வாலே, கடையில மூட்டை தூக்குனா யாரும் அடிக்க மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். அதற்கப்புறம் எங்கள் முறை.

ஆர்மோனியக்காரர் ஐந்து கட்டை வைத்தார். ஐந்தரைக்கு ஏற்றினார். ஆறு. பையன் குரல் படி ஏறுகிற மாதிரி ஏறியது. அவர் தலை தன்னால் ஆடியது. நடை, அழுகை, சிரிப்பு. பிறகு ராணி. மரங்களைக் கேட்டான். பறவைகளைக் கேட்டான். வாத்தியார் கை நான் கணக்குப் போட்ட இடத்தில் வரவில்லை, இரண்டு வரி தள்ளி வந்தது. கூடம் முழுக்கக் கேட்டது. பையன் அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டே, "என் மகன் போன வழி" என்று அடுத்த சொல்லுக்குப் போனான். வாத்தியார் மறு கன்னத்தில் ஒன்று கொடுத்தார். இரண்டாவது அடியை அண்ணன் சொல்லவில்லை, நானும் பழக்கவில்லை. பையன் வரியை விடவில்லை. முடித்துவிட்டுக் கும்பிட்டான்.

வாத்தியார் எழுந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"யாரும்மா இவனைப் பழக்கினது?"

"நான்தான்."

"அடிக்குப் பழக்கினதும் நீயேதானா?"

"நானேதான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளையாப் பொறந்துட்டே. இல்லாட்டி உன்னையும் சேர்த்து எடுத்துக்குவேன். நம்ம கை அப்படியே உன் கையில இருக்கு."

என்னை அதுவரை யாரும் அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

தாம்பூலத் தட்டு வந்தது. கம்பெனிகளில் அதுதான் வழக்கம். வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துத் தட்டை வாத்தியார் நீட்டுவார். பையன் வீட்டார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டால் பையனைக் கொடுத்ததாக அர்த்தம். மூன்று வருஷத்துக்கு முச்சலிக்கா என்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு. வாத்தியார் தட்டை நீட்டினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

"வாங்கிக்கம்மா."

"மாட்டேன். எங்க அண்ணன் உங்ககிட்ட நாலு வருஷம் ராணி வேஷம் போட்டான். தூத்துக்குடியில மகரக்கட்டு வந்தப்பம் தண்ணிக்குள்ள நிறுத்தி அவன் தொண்டையக் கெடுத்து, மொட்டையடிச்சு அனுப்புனிய. இந்தப் பையன் மாதிரி ஒருத்தன் உங்களுக்குக் கிடைக்க மாட்டான்னு தெரியணும்னுதான் பழக்கிக் கொண்டுவந்தேன். தர மாட்டேன்."

இதை நாற்பது நாளாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒரு சொல்கூடத் தவறவில்லை. வாத்தியார் தட்டைப் பிடித்தபடியே யோசித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தலை குனிவார் என்றும் ஒரு பக்கம் நினைத்தேன்.

"எந்தப் பையன்மா?"

சொன்னேன்.

"பெரிய ராணியா, சின்ன ராணியா?"

"பெரிய ராணி."

அவர் மெய்யாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஆர்மோனியக்காரரிடம் திரும்பினார். "ஓய், பாளையங்கோட்டைப் பையனாம். வேதக்காரப் பையன். தெரியுதா உமக்கு?"

"கொஞ்சம் மாறுகண்ணு இருக்குமே, அவனா?" என்றார் அவர்.

அண்ணனுக்கு மாறுகண் கிடையாது.

பையன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வாத்தியார் செருப்பில்லாமல் தெருவரை வந்தார். "சனிக்கிழமைக்கு நோட்டீஸ் போட்டாச்சும்மா. பழசெல்லாம் பேசிக்கலாம். நில்லும்மா." பங்குனி வெயிலில் அவர் கால் மாற்றி மாற்றி நின்றதை இரண்டு கடைக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நான் திரும்பி நின்று நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அந்த அரை நிமிஷம் இனித்தது. இப்போதும் இனிக்கிறது. மறைக்க மாட்டேன்.

பாலத்துக்கு வந்தோம். ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஓடியது, நடுவில் மணல். பாலத்தின் பாதியில், "நான் எங்கன தப்பு விட்டேன் சித்தி?" என்று கேட்டான்.

"நீ தப்பு விடல."

"பின்ன ஏன் எடுக்கல?"

"எடுத்தாவ. நான்தான் குடுக்கல."

கூடத்தில் நான் பேசியதை அவன் கேட்டுக்கொண்டுதான் நின்றான். ஆனால் அவன் காதில் அது ஏறவில்லை. இரண்டு கன்னத்திலும் விரல் தடம் வைத்துக்கொண்டு, நான் சொல்வதை அவன் நம்பவில்லை. பெரியவர்கள் சமாதானத்துக்குச் சொல்வது என்று நினைத்துவிட்டான். ராணியின் வசனத்தை முதலிலிருந்து பைய சொல்லிக்கொண்டே நடந்தான், தப்பு எங்கே என்று தேடி. மரங்களை முடித்தான், பறவைகளை முடித்தான். பாலம் முடிந்ததும் மறுபடி தொடங்கினான். வீடு வரைக்கும் நான் பக்கத்தில் நடந்தேன்.

அக்கா அன்று மத்தியானமே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஏட்டி, எம்பிள்ளைய வச்சா நீ பழி வாங்குன?"

"அண்ணனுக்காக."

"அண்ணன் ஒங்கிட்டக் கேட்டானா? எம்பிள்ள கேட்டானா? நாப்பது நாளா ராத்திரி தூக்கத்துலயும் மரமே மரமேன்னு பொலம்புனாம்ட்டி அவன்." பையனின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இதுவும் கொசுதானா?" என்று கேட்டது என்னைத்தான்.

அண்ணன் சாயங்காலம் வந்தான். அவனிடம் சொல்லும் நேரத்துக்காகத்தான் இத்தனையும் செய்தேன். தட்டை வாங்காததையும் வாத்தியார் வெயிலில் நின்றதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்:

"என்னைப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

பொய் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அழுதார் என்று சொல்லியிருக்கலாம். வாயடைத்துப் போனார் என்றாவது சொல்லியிருக்கலாம். மருந்தை உள்ளபடி நிறுத்துப் பழகியவள், உள்ளபடியே சொன்னேன்.

"ஞாபகம் இல்லையாமா?" என்றான்.

"இல்ல."

"பெரிய ராணின்னு சொன்னியா?"

"சொன்னேன்."

அவன் எழுந்து போய் முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். பத்து வருஷமாக அவனுக்குள் ஒரு வாத்தியார் இருந்திருக்கிறார், அவனை நினைத்துக் குறுகுகிற வாத்தியார். இல்லாவிட்டால் அவன் குரலை நினைத்து ஏங்குகிறவராவது. நான் போய் அவரைக் கொன்றுவிட்டு வந்திருந்தேன். என் பட்டியலில் நாற்பது நாளில் இருபத்து மூன்று விஷயம் எழுதினேன். இது இல்லை.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அண்ணன் அச்சாபீசுக்குப் போகவில்லை. பையனைக் குளிப்பாட்டி, வெளுத்த சட்டை போட்டுக் கம்பெனி வீட்டுக்கு அழைத்துப் போனான். பையனின் ஆசைக்காக அக்காவும் சேர்ந்து எடுத்த முடிவு. என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அங்கே நடந்ததைப் பையன்தான் பிறகு சொன்னான். வாத்தியார் தட்டை நீட்டினார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினான். "நீங்க யாரு?" என்று அவர் கேட்டாராம். "பையனுக்கு மாமா" என்றானாம். அவ்வளவுதான். "தொண்டை ஏன் இப்படி இருக்கு? பனி ஒத்துக்கலையா?" என்று கேட்டாராம். ஆமாம் என்று தலையாட்டினானாம். முச்சலிக்காவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான்.

சனிக்கிழமை நாடகம் நடந்தது. ஊரே பேசியது. நான் போகவில்லை.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷத்துக் கதை இது. பையனுக்கு இப்போது பதிமூன்று முடிந்துவிட்டது. மாசம் ஒரு கார்டு போடுவான். கம்பெனி ஊரைவிட்டுக் கிளம்பின அன்று நான் மைக்கூடும் கார்டும் கொடுத்து அனுப்பினேன், அதை மட்டும் அண்ணன் மறுக்கவில்லை. எந்த ஊர், என்ன வேஷம், எத்தனை தரம் மறுபடி பாடச் சொல்லிக் கை தட்டினார்கள் என்று எழுதுவான். நான் அவற்றை ஒரே ஒரு விஷயத்துக்காகப் படிப்பேன். முந்தாநாள் வந்த கார்டில் அது இருந்தது. உச்சம் எட்டவில்லை என்று ஆர்மோனியக்காரர் அரைக் கட்டை இறக்கி வாசிக்கிறாராம். வாத்தியார் அது சளி என்கிறாராம்.

கம்பெனி இப்போது கோயில்பட்டியில். மூன்று வருஷக் கெடு இந்தப் பங்குனியோடு முடிந்துவிட்டது. யாரும் தடுக்க முடியாது. நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர்களுக்கு வியாழன், சனி என்று வாரம் இரண்டு நாடகம். இன்றைக்கே போய்ப் பையனை அழைத்துவந்தால் வாத்தியாருக்கு வேறு ஆள் தேட நேரம் கிடைத்துவிடும். சனிக்கிழமை காலையில் போய், சீட்டு விற்றுக் கூட்டம் சேருகிற நாளில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால் கிடைக்காது. கொட்டகை முன்னால் காத்து நிற்கிற ஜனங்களுக்கு அவரே பதில் சொல்லட்டும். இந்த முறை நான் யார் என்று அவர் கேட்க வேண்டியிருக்காது. சனிக்கிழமைக்கு லீவு எழுதினேன்.

அண்ணன் அந்தக் காகிதத்தைப் பார்த்தான்.

"சனியா?"

"சனிதான்."

"வியாழன் ராத்திரி அவன் பாடுவாம்லா, ஏட்டி" என்றான். அவ்வளவு நீளமான வாக்கியத்துக்கு அவன் இரண்டு தடவை மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

லீவுக் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். இன்று புதன், சாயங்கால வண்டிக்குப் போகிறேன். வாத்தியாருக்கு ஆள் தேட ஒரு நாள் முழுசாகக் கிடைக்கும். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.